சீலா என்ற பெயருக்கு நான் சொன்ன அர்த்தங்கள்

சித்தேரி மலையடிவாரத்தில் ஓர் ஊரில் நான் வாத்தியாரம்மாவாக இருந்தேன். அப்போது எங்கள் பக்கமெல்லாம் சேலம் ஜில்லா. வயது இருபத்திரண்டு. கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் குழந்தையில்லை. கணவர் மொரப்பூர் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். வாரத்துக்கு ஒருமுறை வந்து போவார். சேலத்தில் போர்டிங்கில் தங்கிப் படித்ததால் எனக்கு இங்கிலீஷ் பேச வரும். அந்த வட்டாரத்தில் அது வேறு எந்தப் பெண்ணுக்கும் வராது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு சின்ன மருந்தகம் இருந்தது. அதற்கு ஒரு வெள்ளைக்கார நர்ஸம்மா வந்து சேர்ந்தார். வந்த முதல் நாளே, தான் இங்கிலீஷ்காரி இல்லை, அயர்லாந்துக்காரி என்று என்னிடம் அழுத்திச் சொன்னார். அந்த வித்தியாசம் எனக்கு அப்போது புரியவில்லை. அவர் பெயர் ஷீலா. எங்கள் ஊர் வாயில் அது சீலா ஆயிற்று. காலைப் பள்ளிக்கூடம் விட்டதும் நான் மருந்தகத்துக்குப் போய், பெண்கள் சொல்வதை இங்கிலீஷில் அவருக்கும், அவர் சொல்வதைத் தமிழில் அவர்களுக்கும் சொல்வேன். அதுதான் ஏற்பாடு.

மலையிலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவத்துக்குத் தொட்டில் கட்டித் தூக்கி வந்தார்கள். இரண்டு நாள் வலி. பிழைக்க மாட்டாள் என்றே நான் நினைத்தேன். நர்ஸம்மா தாயையும் பிள்ளையையும் மீட்டுக் கொடுத்தார். பெண் குழந்தை. ஐந்தாம் நாள் அந்தத் தாய் என்னைக் கூப்பிட்டு, "டீச்சரம்மா, அவங்க பேரையே புள்ளைக்கு வெக்கலாம்னு இருக்கறேங்க. அந்தப் பேருக்கு என்னங்க அர்த்தம்?" என்று கேட்டாள்.

நான் நர்ஸம்மாவிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். சிசிலியா என்ற பழைய பெயரை அயர்லாந்தில் அப்படித் திரித்துச் சொல்வார்களாம். சிசிலியா லத்தீன் பெயர். அதன் வேரைத் தோண்டினால் குருடு என்று பொருள் வருமாம். தங்கள் ஊரில் யாரும் அதையெல்லாம் பார்த்துப் பெயர் வைப்பதில்லை, தெருவில் நின்று ஷீலா என்று கூப்பிட்டால் நாலு வீட்டுக் கதவு திறக்கும் என்றார். பிறகு, "இவளிடம் அதைச் சொல்லாதே, அழகான பெயர் என்று மட்டும் சொல்" என்றார்.

நான் அதற்கும் மேலே போனேன். சீலம் என்றால் நல்லொழுக்கம், சீலா என்றால் நல்ல குணமுள்ளவள் என்று அந்தத் தாயிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. நான் சொன்னதில் பொய் இல்லை. அந்த ஒலிக்கு நம் பக்கத்தில் அதுவும் அர்த்தம்தான். என் கெட்டிக்காரத்தனத்தை எண்ணி அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதற்கப்புறம் அந்தப் பெயர் பிடித்துக்கொண்டது. மருந்தகத்தில் பிறந்த பெண் குழந்தைகளுக்கெல்லாம் சீலா. பிறகு வீட்டில் பிறந்தவற்றுக்கும் சீலா. பெரிய சீலா, குட்டை சீலா, கிணத்துமேட்டு சீலா என்று அடையாளம் சொல்லிக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு தாயும் என்னிடம் வந்து அர்த்தம் கேட்பாள், நான் சொல்வேன். அவர்களுடைய மூத்த பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தது நான். ஒருத்திக்குக்கூட என் பெயரைப் பிள்ளைக்கு வைக்கத் தோன்றவில்லையே என்ற எண்ணம் எனக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. வந்தபின் போகவில்லை.

மூன்றாம் வருஷம் நர்ஸம்மாவுக்கு ஓரளவு தமிழ் புரிய ஆரம்பித்தது. ஒருநாள் ஒரு கிழவி தன் வயிற்றுவலியைப் பற்றி நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாட்டில் தொடங்கி மருமகளில் முடிந்தது. நான் அலுத்துப்போய் இரண்டே வாக்கியத்தில் சுருக்கிச் சொன்னேன். நர்ஸம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, எல்லாருக்கும் புரியும்படி தமிழிலேயே, "அவங்க நிறைய சொன்னாங்க. நீ கொஞ்சம்தான் சொல்றே. மீதி எங்கே?" என்றார். பெஞ்சில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். கிழவி வலியில் ரத்தம் போனதைச் சொல்லியிருந்தாள். அதைத்தான் நான் விட்டிருந்தேன். அவர் கேட்டது நியாயம். எனக்கு அன்று அந்த நியாயம் தெரியவில்லை. சிரிப்புதான் காதில் நின்றது.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் என் பக்கத்து வீட்டுக்காரி கூட வந்தாள். அவளும் சிரித்தவர்களில் ஒருத்தி. அவள் தங்கை மகளுக்கும் சீலா என்றுதான் பெயர். வழியெல்லாம் நர்ஸம்மாவின் கைராசியைப் புகழ்ந்துகொண்டே வந்தாள். நான் நின்று, "அந்தப் பேருக்கு நெசமான அர்த்தம் தெரியுமா? குருடி" என்றேன்.

அவளும் நின்றாள். "நீங்கதானுங்க நல்ல கொணம்னு சொன்னீங்க?" என்றாள்.

"நீங்க வருத்தப்படக் கூடாதுன்னு சொன்னேன். இது அவங்களே அவங்க வாயால சொன்னது."

அவ்வளவுதான் நான் பேசியது. வீட்டுக்குப் போய்ச் சோறாக்கினேன். மறுநாள் வழக்கம்போல மருந்தகத்துக்குப் போனேன்.

அடுத்த வெயில் காலத்தில் மணல்வாரி அம்மை வந்தது. மலையில்தான் முதலில். அம்மை இறங்கியபின் சில குழந்தைகளுக்குக் கண் வறண்டு, கருவிழியில் பூ விழுந்தது. முதலில் பார்வை போனது அந்த முதல் சீலாவுக்கு. ஒரு வாரத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு: வெள்ளைக்காரி தெரிந்தே குருட்டுப் பெயரை வைத்துவிட்டாள். மற்ற தாய்மார்கள் பிள்ளைகளின் பெயரை மாற்றினார்கள். மருந்தகத்துப் படி ஏறுவதையும் நிறுத்தினார்கள்.

நர்ஸம்மாவிடம் மீன் எண்ணெய் இருந்தது. அம்மை கண்ட பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தால் கண்ணைக் காப்பாற்றலாம் என்றார். கொடுக்கப் பிள்ளை வரவில்லை. ஏன் வரவில்லை என்று விசாரித்து வரும்படி என்னை அனுப்பினார். நான் இரண்டு வீட்டு வாசல் வரை போய்த் திரும்பி, "புளி உலுக்கும் சமயம், எல்லாரும் தோப்பில் இருக்கிறார்கள்" என்றேன். அவர் நம்பினார். புளி முடிந்ததும் மாரியம்மன் பண்டிகை என்றேன். அதையும் நம்பினார்.

பிறகு பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு அவரே வீடு வீடாகக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். ஒரு வீட்டில், அவர் வருவதைப் பார்த்த தாய் பிள்ளையை மாட்டுக் கொட்டகைக்குள் தள்ளிப் படலைச் சாத்தினாள். நர்ஸம்மா அதைப் பார்த்துவிட்டார். திரும்பும் வழியில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, நான் என்ன தப்புச் செய்தேன் என்று என்னிடம் கேட்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, இந்த ஜனங்களே இப்படித்தான், நன்றி கிடையாது என்று சொன்னேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. பெயரின் அர்த்தத்தை உளறியதைக்கூட ஆத்திரத்தில் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இதை நிதானமாகச் சொன்னேன். நல்ல இங்கிலீஷில் சொன்னேன்.

அந்த வருஷம் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குக் கண் போயிற்று.

யுத்தம் தொடங்கியபின் நர்ஸம்மாவை வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். மொரப்பூர் வரை வண்டி கட்டிக்கொண்டு போய் நானும் என் கணவரும் ரயிலேற்றிவிட்டோம். ஜன்னலோரம் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாவிட்டால் இந்த ஊரில் நான் ஊமையாக இருந்திருப்பேன்" என்றார். என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. பல வருஷம் இதைப் பலரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒருபோதும் தடுக்கவில்லை.

பிறகு எனக்கும் ஒரு மகள் பிறந்தாள். அவளுக்கு மூன்று வயதில் மணல்வாரி வந்தது. மருந்தகத்தில் தீர்ந்துபோயிருந்ததால் தருமபுரி வரை ஆளனுப்பி மீன் எண்ணெய் வாங்கி வரச்செய்து, மூக்கைப் பிடித்துப் புகட்டினேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்பூனைக் கழுவி வைத்த கையோடு உட்கார்ந்து அழுதேன். அவள் எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவளை மாமியாரிடம் விட்டுவிட்டு மலையேறினேன்.

அந்தத் தாய் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எட்டு வயதுப் பெண், கல் பொறுக்குவது போல விரலால் தானியத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெயரால் கண் போகவில்லை, அம்மையாலும் சத்தில்லாததாலும் போனது, நான் பொறாமையில் சொன்னதுதான் ஊரெல்லாம் பரவியது என்றேன். முதல் பிள்ளைக்கு என் பேச்சால் எதுவும் நேரவில்லை, பின்னால் மற்ற இரண்டு பிள்ளைகளுக்குப் போன கண்தான் என் கணக்கு என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "புள்ளைக்குக் கண்ணு செவந்ததுமே தூக்கிட்டுக் கீழ வந்தேனுங்க. பாதி வழியில உங்க பக்கத்து வூட்டம்மா வெறகு பொறுக்கிட்டு இருந்தாங்க. பேருக்கு இதுதான் அர்த்தம், டீச்சரே சொன்னாங்கன்னாங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு திரும்பிட்டேன்."

அந்தப் பெண் தலையை எங்கள் பக்கம் சாய்த்து, "யாரும்மா?" என்று கேட்டாள்.

"கீழ இருந்து வந்த டீச்சரு, சீலா. நீ உள்ள போ."

நான் அந்தத் தாயைப் பார்த்தேன். "மத்தவங்க மாத்துனாங்க. நா மாத்துல" என்றாள். "கண்ணுதான் போச்சு. இருந்த பேரையும் எதுக்குப் புடுங்கறது?"

உள்ளே போய் ஒரு குண்டானில் கூழ் கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ அவள் சொல்லவில்லை. "எறங்குங்க டீச்சரம்மா, வெயிலு ஏறிரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி முறத்தை எடுத்தாள்.

நர்ஸம்மாவின் விலாசம் மருந்தகத்தில் இருந்தது. அவருக்குப் பின் வந்த நர்ஸிடம் கேட்டிருந்தால் எழுதிக் கொடுத்திருப்பார். அதற்குப் பிறகும் ஆறு வருஷம் அதே ஊரில் இருந்தேன், தினமும் அந்த வாசலைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போனேன். கேட்கவில்லை.