சூடத்தட்டு

அந்தப் பித்தளைத் தட்டு எப்போதும் வார்டன் அம்மாவின் மேஜைமேல்தான் இருக்கும். நடுவில் கருப்பாக ஒரு வட்டம், எத்தனை தேய்த்தாலும் போகாது. காளவாசலிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தப் பெண்கள் இல்லத்துக்கு நானும் அம்மாவும் வந்தது எழுபதுகளின் கடைசியில். எனக்கு ஒன்பது வயது. திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வழி நெடுக அம்மா முந்தானையால் உதட்டை மூடிக்கொண்டே வந்தாள். அடித்தது அப்பா.

வார்டன் அம்மாவைக் கெட்டவர் என்று சொல்ல நாக்கு கூசுகிறது. அம்மாவின் காயத்துக்கு மருந்து போட்டார், என்னைப் பள்ளியில் சேர்த்தார், தலையில் பேன்கூடப் பார்த்துவிட்டார். ஆனால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தவன் அதை மீறமாட்டான் என்று அவர் முழுசாக நம்பினார். தேடி வரும் புருஷன்மார் முன்னால் தட்டில் சூடத்தைக் கொளுத்தி வைப்பார். அவர்கள் உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

அப்பாவும் அணைத்தார். "இனிமே இவ மேல கை வைக்க மாட்டேம்மா" என்று அழக்கூடச் செய்தார். "புள்ளைக்கு அப்பன் வேணும்ல, போயிட்டு வா தாயி" என்று குங்குமம் வைத்து அனுப்பினார் வார்டன் அம்மா. பதினோராம் நாள் அப்பா அறைந்ததில் அம்மாவின் இடது காது போனது. அப்பாவை எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவள் அம்மா. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

மறுபடி அதே இல்லம். மறுபடி அப்பா வந்தார், கையில் மல்லிகைப்பூப் பொட்டலத்தோடு. வார்டன் அம்மா பழக்கம்போலத் தீப்பெட்டியை எடுத்தார். சூடம் பற்றியதும், அப்பா கையை நீட்டுமுன் அம்மா தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினாள். அணைந்த பிறகும் எடுக்கவில்லை.

"நானும் சத்தியம் பண்ணிட்டேன். இந்தாளு கூடப் போகமாட்டேன். இனி என்னைய அனுப்புனா உங்க சாமிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

எங்களை அனுப்பவில்லை. ஆனால் தட்டையும் எடுத்து உள்ளே வைக்கவில்லை. நாங்கள் அங்கிருந்த ஆறு வருஷமும் மற்ற பெண்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். திரும்பி வராதவர்கள் நன்றாக வாழ்வதாக வார்டன் அம்மா சொல்லிக்கொண்டார்.

இப்போது அப்படி அடிபட்டு வரும் பெண்களுக்கு உதவுவதுதான் என் வேலை. "சூடம் அணைக்கிறேன் மேடம்" என்று போன வாரம்கூட ஒருவன் வந்து நின்றான். என் மேஜையில் தட்டு இல்லை. அவனை உட்காரச் சொல்லிவிட்டு, அடுத்த அறையிலிருந்த அவன் மனைவியிடம் போய், "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டேன். இதுவரை யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லையாம்.