கோரிக்கைக்கு டிசைன் இல்லை

எங்கள் கல்லூரியில் நான் மாணவர் பேரவைத் தலைவரானதை என் வீட்டில் இன்றுவரை யாரும் நம்பவில்லை. என்னை எதிர்த்து நிற்க இருந்தவனுக்கு மனுத் தாக்கலன்று அம்மை போட்டுவிட்டது. ஆக, அம்மன் அருளால் ஜெயித்தவன் நான். பதவிக்கு வந்ததும் நான் ஆற்றிய முதல் பணி, வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தது.

இரண்டாவது பணியை வகுப்புத் தோழி ஒருத்தி கொடுத்தாள். டி. கல்லுப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். கொஞ்ச நாள் வராமல் இருந்து வந்தவளிடம், "என்ன, கல்யாணமா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"ஆமா, டாக்டரோட," என்றாள். "பொம்பளப் பிள்ளைக பாத்ரூம, மோட்டார் ரிப்பேர்னு பூட்டிப் போட்டு எம்புட்டு நாளாச்சு தெரியுமா தலைவரே? காலைல பஸ் ஏறுனா வீட்டுக்குப் போறவரைக்கும் சொட்டுத் தண்ணி குடிக்கிறதில்ல. நீர்க்கடுப்பு, காய்ச்சல். படிச்சது போதும், வெள்ளிக்கிழமை வந்து டிசி வாங்கிர்றேன்னு எங்கப்பா சொல்லிட்டாரு."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கல்லூரி முதல்வரிடம் போய் மனு கொடுத்தோம். "பாக்கலாம்ப்பா" என்றார். மறுபடியும் போனோம். "பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்றார்.

மனு தோற்றால் மதுரைக்காரனுக்கு அடுத்து ஒன்றுதான் தெரியும்: ஃபிளக்ஸ். காது குத்தினாலும் கண்ணை மூடினாலும், ஃபிளக்ஸில் வந்தால்தான் எங்கள் ஊரில் அது நடந்ததாகக் கணக்கு. வியாழக்கிழமை மாலை, பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்குப் போனேன்.

"கோரிக்கையா? அதுக்கு டிசைன் இல்ல மாப்ள," என்றார் கடைக்காரர். "காதுகுத்து இருக்கு, கண்ணீர் அஞ்சலி இருக்கு, நன்றி இருக்கு. காலைல வேணும்னா நன்றியில எழுதித் தாரேன்."

"நடக்காததுக்கு எப்பிடிண்ணே நன்றி சொல்றது?"

"ஊருல பாதி நன்றி அப்பிடித்தான் ஓடுது!"

மறுநாள் காலை கல்லூரி வாசலில் அது நின்றது. 'மாணவியர் கழிப்பறையைத் தண்ணீர் வசதியுடன் திறந்து தந்த எங்கள் முதல்வருக்கு நன்றி! நன்றி!' ஓரத்தில் முதல்வரின் படம், எலுமிச்சம்பழ அளவில். மீதி இடம் முழுக்க நான்: கூலிங் கிளாஸ், காதில் செல்போன். யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது. பின்னால் ஒரு சிங்கம். அது டிசைனோடு வந்தது. வேண்டாமென்று சொல்ல மனசு வரவில்லை.

"பூட்டுன பாத்ரூமுக்குச் சிங்கமா? நல்லா இருப்ப தலைவரே," என்றாள் தோழி.

அவளோடு டிசி வாங்க வந்திருந்த அப்பா, ஃபிளக்ஸை எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார். மகளிடம் ஒன்றும் கேட்காமல் நேரே முதல்வர் அறைக்குள் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அதற்குள் அவர் கையெடுத்துக் கும்பிட்டிருந்தார்.

"எம்புள்ளைய நிப்பாட்டணும்னுதான் வந்தேங்கய்யா. தொறந்துட்டீகளாம்ல. நல்லா இருக்கணும்."

முதல்வர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கே ஒரு டிசி தயாராக இருந்தது. ஆனால் எதிரே கும்பிட்ட கை இறங்கவில்லை.

"வேலை... நடந்துக்கிட்டு இருக்கு," என்றார். "சாயங்காலம் முடிஞ்சிரும்."

"அப்ப இருந்து பாத்துட்டே போறேங்கய்யா," என்று சொல்லிவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் உட்கார்ந்திருக்க உட்கார்ந்திருக்க, வேலை தானாக நடந்தது. மெக்கானிக் வந்தார். பூட்டின் சாவியைக் காணவில்லை, உடைத்தார்கள். துடைப்பமும் பினாயிலும் வந்தன. நான் மெக்கானிக்குக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். அதிலும் அவர் கேட்டது ஒன்று, நான் கொடுத்தது ஒன்று.

கடைசி மணி அடிப்பதற்குள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. பார்க்க வந்த முதல்வரைக் கண்டு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். கண்டுபிடித்துவிட்டார். "இனிமே எதுனாலும் ரூமுக்கு வாப்பா, உக்காந்து பேசுவோம். சிங்கமெல்லாம் வேணாம்," என்றார். முகம் கடுகடுவென்று இருந்தாலும், "உக்காந்து" என்ற வார்த்தை புதிதாக இருந்தது. அதுவரை எங்களை நிற்க வைத்துத்தான் பேசியிருக்கிறார்.

தோழி ஈரக் கையோடு வெளியே வந்தாள். அவள் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். டிசி பற்றி ஒரு பேச்சும் இல்லை.

"திங்கக்கிழமை நேரத்தோட கெளம்பிரு. பஸ்ஸ விட்றாத."

"நான் என்னைக்கு பஸ்ஸ விட்டேன்?" என்று அவள் சண்டைக்குப் போனாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் இருவரும் அதையே பேசிக்கொண்டு நடந்தார்கள்.