அக்காள் போடாத கையெழுத்து

எங்கள் அக்காள் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவர் படத்துக்கு மாலை போட வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய என் வணக்கம். நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுக்கும்படி வீட்டில் சொன்னார்கள். நல்ல வார்த்தைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அக்காளின் வாழ்க்கையில் பெரும்பகுதி அரசாங்க அலுவலகங்களில் எண் சீட்டைப் பிடித்தபடி உட்கார்ந்தே போனது. அதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

அக்காள் மலாக்காவில் செலண்டார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தார். பிறந்த செய்தியை அப்பா தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் சொன்னார். கிராணி எழுதிக்கொண்டார். அதோடு வேலை முடிந்தது என்று அப்பா நம்பிவிட்டார். வீடு, தண்ணீர், மருந்து, பள்ளிக்கூடம் எல்லாம் தோட்டத்து ஆபீஸ் கொடுத்ததுதான். அதற்கு மேலே ஓர் அரசாங்கம் உண்டு, அது ஒருநாள் பத்திரம் கேட்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் போனபிறகு அது கேட்டது. எங்கள் வரிசையில் பல வீடுகளில் கொடுக்க ஒன்றுமில்லை.

நான் பிறந்தபோது அம்மாவுக்கு உடம்பு மோசமாகி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பிறந்ததால் எனக்குப் பிறப்புப் பத்திரம் கிடைத்தது. பின்னால் குடிமகனுக்குரிய நீல ஐசியும், அதாவது அடையாள அட்டையும், கிடைத்தது. அக்காளுக்கு நிரந்தரவாசி என்று சிவப்பு ஐசி. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

அந்தச் சிவப்பு ஐசி எடுக்கப் போனபோது அப்பா இன்னொன்றும் செய்தார். அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். பன்னிரண்டு வயது அக்காளைப் பதினான்கு என்று சொல்லி ஐசி வாங்கி, வேலை வாங்கும் மண்டோரிடம் காட்டி, பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்க அனுப்பினார். தோட்டத்துப் பள்ளிப் பதிவேட்டில் உண்மையான ஆண்டு அப்படியே இருந்தது.

அக்காள் மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தோட்டம் செம்பனையாக மாறி, லயன்களை இடித்தபிறகு, குருபோங்கில் என் வீட்டுக்கு வந்தார். பக்கத்துத் தொழிற்சாலை கேன்டீனில் சமைத்தார். கோபக்காரர். அவர் திட்டாத ஆள் இந்தத் தாமான் குடியிருப்பில் கிடையாது, அவர் கையால் சாப்பிடாத ஆளும் கிடையாது.

தேர்தல் நாளில் முதலில் குளித்துவிட்டு எங்களை விரட்டுவார். சிவப்பு ஐசிக்கு ஓட்டு கிடையாது; நாங்கள் ஓட்டுப் போட்டு வரும்வரை காருக்குப் பக்கத்தில் நிற்பார். எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் அக்காள் கலக்கிய தேநீரைக் குடித்துவிட்டு, "மறந்துடாதீங்கம்மா" என்று கும்பிடுவார். அக்காளும் சரி சரி என்று தலையாட்டுவார். எனக்குத்தான் எரிச்சலாக வரும்.

ஐந்து முறை குடியுரிமைக்கு விண்ணப்பித்தோம். ஐந்து முறையும் ஐசியில் ஓர் ஆண்டு, பள்ளிப் பதிவேட்டில் வேறு ஆண்டு என்று திரும்பி வந்தது. கடைசி முறை இருந்த மலாய்க்கார அதிகாரி நல்ல பெண். வயது எப்படி மாறியது என்று சத்தியம் செய்து ஒரு கடிதம் கொடுங்கள், மேலிடத்துக்கு அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். நான் உடனே டைப் அடித்து வாங்கி வந்தேன். அக்காள் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அப்பா பொய் சொன்னாருன்னு போட்டிருக்கியா?"

"நடந்தது அதானே அக்கா. ஒரு கையெழுத்துதான்லா."

"கவர்மெண்டு காயிதத்துல எங்கப்பன் பொய்யன்னு நான் எழுதணுமா?"

"அவரு செத்து எத்தன வருஷமாச்சு!"

"அதான் சொல்றேன். செத்தவரு வந்து பதில் பேச முடியாதுல்ல. போடா, காடிய எடு."

காரை எடுத்தேன். அத்தனை வருடம் விரும்பிய ஒன்றை அவரே தள்ளிவிட்டாரே என்று ஆத்திரம். அப்பாவின் மேலும், கேட்டுக்கொண்டே இருந்த நாட்டின் மேலும் ஆத்திரம். இப்போது யோசித்தால் அலுப்புத்தான் மிஞ்சுகிறது.

சிறுநீரகம் கெட்டு மலாக்கா ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, படிவம் நிரப்பிய இளம்பெண், குடிமகள்தானே என்று மலாயில் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அக்காள், "புக்கான், நாக்" என்றார். இல்லை மகளே என்று அவளுக்கு ஆறுதல் சொல்வதைப் போல. நான் வெளியே போய் அழுதேன். பதினோராம் நாள் அக்காள் போய்விட்டார்.

நோயில் மாற்றி மாற்றித் துணையிருந்த தாமான் பெண்களுக்கும், மஸ்ஜித் தானாவிலிருந்து வந்து உடன் நின்ற மலாய்த் தோழிக்கும், ஈமக்கிரியைகளில் தோள் கொடுத்த தோட்டத்துப் பழைய சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

இந்த மலரின் முகப்பில் 'தோற்றம்' என்ற இடத்தில் எந்த ஆண்டைப் போடுவது என்று அச்சகத்தில் கேட்டார்கள். பள்ளிப் பதிவேட்டில் உள்ளதைப் போடச் சொன்னேன். எங்கள் அப்பா சொன்ன வயது பொய். அக்காள் எழுத மறுத்ததை அவர் படத்துக்குக் கீழேயே அச்சேற்றிவிட்டேன். திட்டுவதென்றால் திட்டு, அக்கா. இந்தக் காகிதத்தை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.