காந்தம் ஒட்டாத கதவு

பேசாமல் இருந்தது போதும். சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய ஃபியட் கார் ஒன்று விலைக்கு வந்திருப்பதாக ராஜபாளையத்து புரோக்கர் சொன்னார். யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை.

இன்று காலை போனேன். ஷெட்டைத் திறந்தது என் பெரியப்பா மகன். தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரை விட்டுவிட்ட அதே அண்ணன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு கிடையாது.

திரும்பியிருப்பேன். காரைப் பார்த்துவிட்டேன்.

சரி, குறையைக் கண்டுபிடித்து முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போகலாம் என்று காந்தத்தை எடுத்தேன். துருவைப் பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. பானெட், மட்கார்டு, டிக்கி என்று வைத்த இடமெல்லாம் ‘டக்’கென்று ஒட்டியது.

“ஏலே, அங்கன என்னத்தத் தேடுத? டிரைவர் பக்கத்துக் கதவுக்கு அடியில வச்சுப் பாரு. துரு தின்னுட்டு, பட்டி போட்டிருக்கேன்.”

வைத்தேன். காந்தம் கீழே விழுந்தது.

“விக்கிறவியளே இப்படிச் சொல்லலாமாண்ணே?” வாய் தவறி ‘அண்ணே’ வந்துவிட்டது.

“நீயா கண்டுபிடிச்சா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவ. அதான் முந்திக்கிட்டேன்.”

பானெட்டைத் தொட்டேன். சில்லென்று இருந்தது; நான் வரும்போது சட்டென்று ஸ்டார்ட் ஆகட்டும் என்று முன்கூட்டியே சூடேற்றி வைக்கவில்லை. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவ்வளவு சீரான சத்தம்.

இத்தனை நாள் அவரைத் திட்டிய வாயால் சொல்கிறேன்: வண்டியை வைத்திருந்தால் அவரைப் போல் வைத்திருக்க வேண்டும். விற்றாலும் அவரைப் போல்தான் விற்க வேண்டும். வாங்கிவிட்டேன்.

இந்தப் பழைய கார் குரூப்பில் அவரும் இருக்கிறார். யாரும் கமெண்டில் டேக் செய்துவிடாதீர்கள். பத்திரிகை விஷயத்தை நான் மறக்கவில்லை.

அவர் போடாத என் பெயரை நானும் இங்கே போடப்போவதில்லை.