பக்கத்துப் பிள்ளையின் சேதி

"ஒங்கட வீட்டுச் சேதி வேணாம் மகன். பக்கத்துல ஈக்கிற புள்ளைட வீட்டுச் சேதியச் செல்லுங்க."

திங்கட்கிழமை காலையில் லரீபா டீச்சரின் மூன்றாம் வகுப்பு இப்படித்தான் தொடங்குகிறது. எழுந்து நிற்கும் பிள்ளை தன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. வாங்குப் பலகையில் பக்கத்தில் இருப்பவர் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், என்ன கறி, எந்தச் சாமிக்கு விளக்கு என்று கேட்டறிந்து வந்து சொல்ல வேண்டும். தெரியாது என்று நின்றால் அடி கிடையாது. "அப்ப ஒரு கிழமையா யாருக்குப் பக்கத்துல இருந்தீங்க?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பிரம்பே மேல் என்கிறார்கள் பிள்ளைகள்.

தெமோதரைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பள்ளிக்கூடமும் பிள்ளைக்காம்பராவும் ஒரே கட்டடம். நடுவில் இடுப்பளவுச் சுவர், முன்னால் ஒரே விறாந்தை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் கைக்குழந்தைகளை ஏணையில் ஆட்டுவது என் வேலை. நான்காம் வகுப்போடு நின்றவள் நான். சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் கண்ணிலும் காதிலும் விழும்.

டீச்சர் பதுளையிலிருந்து காலை ரயிலில் வருகிறார். ஸ்டேஷனில் இறங்கியதும் கைப்பையிலிருந்து சவர்க்காரத் துண்டை எடுத்துக் கணுக்கால் வரை பூசிக்கொள்வார். அட்டை ஏறாது. தலையில் முந்தானை, கையில் ஆண்கள் பிடிக்கும் பெரிய கறுப்புக் குடை. கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். மிகவும் இறங்கிவிட்டால் வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

துணிக்கடைக்காரர் வீட்டுப் பெண். டவுனிலேயே வேலை கிடைத்ததாம், போகவில்லை. ஏன் என்று கணபதி மாஸ்டர் ஒருநாள் கேட்டார். அவர்தான் தலைமை ஆசிரியர். "அங்க எல்லாம் ஒரே மாதிரிப் புள்ளைகள் சேர். இங்கதான் சோலி ஈக்குது" என்றார் டீச்சர்.

அந்தச் சோலியை அவரே தேடிக்கொள்கிறார். ஒரே லயத்தில், ஒரே வரிசை வீடுகளில் இருக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து உட்கார முடியாது. மேல் லயத்துக்குப் பக்கத்தில் கீழ் லயம், அதற்குப் பக்கத்தில் கடை வீதி முஸ்லிம் பிள்ளை, அடுத்து சிங்களக் காவல்காரரின் மகள். மாதம் பிறந்தால் எல்லாரும் இடம் மாற வேண்டும். போன வருஷம் மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, கடைக்கார றவூபின் மகன் ஹுமைத் எழுந்தான். "இராக்கம்மாட அப்பா சாரி கட்டி, பூ வச்சி, பொம்புளையாட்டம் ஆடினாரு" என்றான். வகுப்பு உருண்டு சிரித்தது. இராக்கம்மா மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். டீச்சரின் குரல் இறங்கியது.

"ஏன் ஆடினாருன்னு கேட்டீங்களா?"

"இல்ல டீச்சர்."

"கேக்காம பாதிச் சேதி கொண்டு வரப்படாது. வெளங்கினதா மகன்? போய்க் கேட்டுட்டு வாங்க."

அடுத்த திங்கள் ஹுமைத் அரை மணி நேரம் பேசினான். சாமி காமனைச் சுட்டெரித்த கதை, புருஷனைப் பறிகொடுத்த ரதியின் ஒப்பாரி, அந்த வேடம் போட இராக்கம்மாவின் அப்பா பிடித்த விரதம். ஒப்பாரியைப் பாடியும் காட்டினான். இராக்கம்மா முகத்தை நிமிர்த்தி, அவன் விட்ட அடியை எடுத்துக் கொடுத்தாள்.

டீச்சரின் இன்னொரு சட்டம் சாப்பாட்டைப் பற்றியது. "பசிச்ச ஆளுக்கு முன்னால தனியாத் திங்கப்படாது." ரொட்டி கொண்டு வந்தவன் கொண்டு வராதவனுக்குப் பிய்த்துக் கொடுக்க வேண்டும். இந்தச் சட்டம்தான் போன வருஷம் அவர் மீதே திரும்பியது.

போன வருஷ நோன்பு, அரிசியும் மாவும் கிடைக்காமல் லயங்களில் மரவள்ளிக்கிழங்கைப் பங்கு போட்ட நாட்களில் வந்தது. பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்குக் கொடுக்கும், சீனி தூவிய பணிஸ் ரொட்டிதான் பல பிள்ளைகளுக்கு அன்றைய சாப்பாடு. அந்தத் திங்கள் இராக்கம்மா சேதி சொன்னாள்: "ஹுமைத் வீட்டுல எல்லாரும் நோம்பு. பொழுது சாயிற வரைக்கும் பச்சத் தண்ணி கூடக் கிடையாதாம். நம்ம டீச்சரும் நோம்பாம்."

அன்று முதல் பிள்ளைகள் பணிஸை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனார்கள். வீட்டுத் தம்பி தங்கைக்கு என்று நினைத்தேன். இங்கே அது வழக்கம். இடைவேளையில் வகுப்பிலேயே இருந்துவிடும் டீச்சருக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகும் வழியில், லயத்துப் படிக்கட்டில் அதே வகுப்பு அழகர் மயங்கி விழுந்தான். சட்டைக்குள் முழுப் பணிஸ் இருந்தது.

மறுநாள் மழை. பிள்ளைகள் வெளியே போகாமல் பணிஸும் கையுமாக வகுப்பிலேயே இருந்தார்கள். அழகரின் அப்பா வீரய்யா கவ்வாத்துக் கத்தியும் வாயில் வெற்றிலையுமாக விறாந்தையில் வந்து நின்றார்.

"என்னா டீச்சர், எம் புள்ளைக்கு நோம்பு புடிக்கப் பழக்குறீங்களா? நாங்க பட்டினி கெடக்கிறது பத்தாதா? இன்னிக்கு நோம்பு, நாளைக்குத் தொப்பி போட்டு அனுப்புவீங்களா?"

டீச்சர் வகுப்பின் பக்கம் திரும்பினார். "யாரு ஒங்கள நோம்பு புடிக்கச் சொன்னது?"

இராக்கம்மாதான் எழுந்தாள். "நோம்பு இல்லீங்க டீச்சர். நீங்க பசியோட இருக்கீங்க. ஒங்களுக்கு முன்னால எப்புடித் திங்கிறது? பொழுது சாஞ்சு நீங்க திங்கிற நேரம் நாங்களும் திங்கிறோம்."

கணபதி மாஸ்டர் பிரம்போடு வந்துவிட்டார். "இதுக்குத்தான் சொன்னேன். இந்தச் சேதி சொல்ற வேலைய இன்னையோட விட்டுருங்க டீச்சர். ஊர் வாய்க்கு யாரு பதில் சொல்றது?"

"விட ஏலாது சேர்."

"அப்ப திங்க வைங்க. இல்ல, நான் வைக்கிறேன்."

"பிரம்பால தின்ன வச்சா நாளைக்கு ஒளிச்சு வைப்பாங்க. கொஞ்சம் இருங்க."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அழகர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவன் பணிஸை எடுத்துப் பிய்த்து வாயருகே நீட்டினார். அவன் வாயை இறுக்கிக்கொண்டான். கை அங்கேயே நின்றது. வாங்கில் அவனுக்குப் பக்கத்தில் ஹுமைத். "தின்னுடா, நான் சின்னவன், பாதி நோம்புதான். காலையில ரொட்டி தின்னேன்" என்று அவன் காதில் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. சிலர் சிரித்தார்கள். அழகர் சிரிக்கவில்லை.

"டீச்சருக்குப் பசிக்கலியா?"

"பசிக்கிது மகன். நல்லாப் பசிக்கிது. அதாலதான் ஒங்கட பசி எனக்கு வெளங்குது. ஆ காட்டுங்க."

அவன் வாயைத் திறந்தான். ஒரு வாய், இரண்டு வாய். முழுப் பணிஸும் முடியும் வரை டீச்சர் எழவில்லை. பிறகு அடுத்த வாங்கு. ஊட்டும் கையில் சீனி ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை. இராக்கம்மா வரை வருவதற்குள் மற்றவர்கள் தாங்களே கடிக்கத் தொடங்கிவிட்டார்கள். வகுப்பு முழுவதும் மெல்லும் சத்தம். என் ஏணையில் இருந்த குழந்தை கூட அழுகையை நிறுத்திவிட்டது. மாஸ்டர் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் வகுப்புக்குப் போனார்.

வீரய்யா தூங்கும்போதும் வெற்றிலையை ஒதுக்கி வைத்துக்கொண்டு தூங்குகிறவர் என்று லயத்தில் சொல்வார்கள். அவர் சத்தமில்லாமல் விறாந்தையை விட்டு இறங்கினார். தண்ணீர் ஓடும் கானில் வெற்றிலையைத் துப்பினார். மழைத் தண்ணீரை ஏந்தி வாயைக் கொப்பளித்தார். கத்தியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, வெறும் வாயோடு வந்து நின்றார்.

டீச்சர் அதைப் பார்த்துவிட்டார்.

"நீங்களுமா அண்ணே?"

அன்று பள்ளிக்கூடம் வராத பிள்ளையின் பணிஸ் ஒன்று பெட்டியில் மிச்சம் இருந்தது. அதை எடுத்து அவர் முன்னால் நீட்டினார். வீரய்யா தலையைக் குனிந்துகொண்டார். அவர் வாங்கிக் கடிக்கும் வரை, டீச்சர் நீட்டிய கையை இறக்கவில்லை.