அலைக்கு அந்தப் பக்கம் நின்ற வினாத்தாள்

தகரக் கூரையில் மழை இறங்கியதும் ரோஸினா டீச்சர் பேச்சை நிறுத்திவிடுகிறார். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் இருமுவதுகூடக் கேட்காது. பாடம் முழுக்கப் பலகைக்குப் போய்விடும். இடப்பக்கப் பலகை ஐந்தாம் வகுப்புக்கு, வலப்பக்கம் ஆறாம் வகுப்புக்கு, நடுவில் அவர். சாக்பீஸ் தீர்ந்த வாரங்களில் பிள்ளைகள் கரையில் பொறுக்கி வரும் வெளுத்த பவளத் துண்டால் எழுதுவார்.

சாலமன் தீவுகளில், குவாடல்கனால் தீவின் தெற்குக் கரையில் இருக்கும் எங்கள் தாவுலா பள்ளிக்கு ஆசிரியர்கள் இரண்டே பேர். ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆளான நான் கீழ் வகுப்புகள் நான்கையும் பார்க்கிறேன். பக்கத்தில் கடை கிடையாது. மணி அடித்ததும் இருவரும் சர்க்கரைவள்ளித் தோட்டத்துக்குப் போய் எங்கள் சாப்பாட்டை நாங்களே தோண்டிக்கொள்ள வேண்டும். "பட்டதாரி தம்பி, கிழங்கு கீழ இருக்கு. வானத்தைப் பாத்துத் தோண்டாதீங்க" என்பார் டீச்சர்.

அவர் குடியிருக்கும் ஓலை வீடு மூன்று இடங்களில் ஒழுகுகிறது. பெற்றோர் சங்கத் தலைவர் பெனடிக்ட் வழியில் பார்க்கும்போதெல்லாம், "அடுத்த வாரம் மேஞ்சிடுறோம் தங்கச்சி" என்பார்.

"அண்ணே, உங்க அடுத்த வாரத்துக்கு மூணு வயசாச்சு. இன்னும் ரெண்டு வருஷத்துல நானே அதை ஒண்ணாம் வகுப்புல சேத்துக்கிறேன்."

மறுநாள் ஓலை வரவில்லை. ஒரு வாழைக்குலை வந்தது.

இந்த ஆண்டு ஆறாம் வகுப்புத் தேர்வு எழுத எங்களிடம் பதினொரு பிள்ளைகள். நாடு முழுக்க ஒரே நாள், ஒரே நேரம். எழுதத் தவறினால் மேல்நிலைப் பள்ளியில் இடமில்லை. பெரும்பாலானவர்களுக்குப் படிப்பே அதோடு முடிந்தது. பத்து நாளாகக் கடல் கொந்தளித்ததில் வினாத்தாள் வரவில்லை. தேர்வன்று காலைதான் அதை ஏற்றி வந்த படகுக்காரன் கெஸ்டோவின் மோட்டார் படகு தெரிந்தது. அலை உடையும் இடத்துக்கு அப்பாலேயே நின்றுவிட்டது.

"உள்ள வந்தா கவுந்துடும், டீச்சர்," கெஸ்டோ கத்தினான். "அந்தப் பக்கத்து வளைகுடாவுல இறக்கி வச்சிடுறேன்."

அந்த வளைகுடாவுக்கு நடந்து போக ஒரு நாள் ஆகும். இடையில் இரண்டு ஆறுகள், இரண்டிலும் வெள்ளம்.

டீச்சர் கைலியை இறுக்கிக் கட்டினார். மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்றை எடுத்தார்.

"நான் போறேன்," என்றேன்.

"பட்டம் நனைஞ்சிடும். நீங்க பிள்ளைங்கள உக்கார வைங்க."

எங்கள் கரையில் அலையை எண்ணித்தான் இறங்குவோம். பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்து ஓய்ந்தபின் கொஞ்ச நேரம் கடல் மூச்சு வாங்கும். அந்த இடைவெளியில் படகுவரை நீந்திப் போய், தாள் கட்டை வாளிக்குள் வாங்கிக்கொண்டார். திரும்பும்போது கணக்கு தப்பியது. ஓர் அலை அவரைக் கூழாங்கற்களில் புரட்டியது. முழங்காலில் ரத்தம். வாளிக்குள் வினாத்தாள் உறையின் முத்திரை நனையாமலே இருந்தது.

மணி எட்டு ஐம்பது. தேர்வு ஒன்பதுக்கு.

தாள்களை என்னைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். மேற்பார்வையாளர் அவர், தேர்வு முடியும்வரை பிள்ளைகளை விட்டு நகரக் கூடாது. ஆனால் அவர் உடம்பெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு துளியும் தாளில் விழக் கூடாதென்று வெளியே போய்த் திறந்த வாசலருகே நின்றுகொண்டார். இரண்டு மணி நேரம் அப்படியே நின்றார். ஒருமுறை, முன்வரிசையில் இருந்த ஜெனிட்டா எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் முழங்காலையே பார்த்தாள்.

டீச்சர் ஈரவிரலால் அவளுடைய தாளைக் காட்டினார்.