சித்தப்பாவின் கியரும் மாமாவின் டயரும்

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது என் சித்தப்பாவும் அத்தை வீட்டு மாமாவும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. ஒரு காதுகுத்து விருந்தில் சித்தப்பாவின் பழைய காரைப் பார்த்து, "இதுக்கு மாட்டுவண்டியே தேவலாம்" என்று மாமா சொன்னதுதான் காரணம். அன்றோடு அத்தை பிறந்த வீட்டுக்கு வருவதும் நின்றது. இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த வீட்டுக்குச் செய்தி சுமந்தவள் நான். கார் பந்தயச் சவாலையும் நான்தான் கொண்டுபோனேன்: திருக்காட்டுப்பள்ளி சாலையில், மதகிலிருந்து நெல் கொள்முதல் நிலையம் வரை.

சித்தப்பா தஞ்சாவூர் மெக்கானிக்கைப் பிடித்து, ஒரு சரக்கு வண்டியின் கியரைக் காரில் மாட்டினார். டாப் கியரில் முன்பு எஞ்சின் நான்கு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. இனி ஆறுக்கு ஒன்று.

"இழுவை பிச்சுக்கும் பாரு!"

போதாததற்குக் குட்டையான அகல டயர்கள் வேறு. நான் நோட்டில் பெருக்கி வகுத்து, "சித்தப்பா, அறுபதுக்கு மேல போகாது" என்றேன்.

"கணக்கு தப்பு. திருப்பிப் போடு."

மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் அறுபதுதான்.

மாமா எதையுமே மாற்றவில்லை. அவருடைய டயர்கள் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தன. "மாத்துங்கன்னா கேட்டாத்தானே" என்று அத்தை என்னிடம் புலம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு கார்களும் மதகருகே நின்றன.

"ரெடியான்னு கேளு" என்றார் மாமா, சித்தப்பாவைப் பார்த்தபடியே. கேட்டேன்.

"ரெடின்னு சொல்லு" என்றார் சித்தப்பா. சொல்லிவிட்டுத் துண்டை வீசினேன்.

சித்தப்பாவின் கார் துள்ளிப் பாய்ந்தது. நூறு மீட்டர் வரை மாமா பக்கத்திலேயே இல்லை. அப்புறம் எஞ்சின் மிக்ஸி மாதிரி அலறியதே தவிர, வேகம் கூடவில்லை. மாமா சாவகாசமாக முந்திப்போய் ஜெயித்தார். ஜெயித்த கையோடு பிரேக்கை மிதித்த இடத்தில், ஒரு அம்மா அப்போதுதான் நெல்லைக் காயப் போட்டிருந்தார். தேய்ந்த டயர்கள் நெல்லில் சறுக்க, கார் பக்கத்து வாய்க்காலில் இறங்கி நின்றது.

நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பா கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார். சரக்கு வண்டி கியர் இதற்கென்றே பிறந்ததுபோல இழுத்தது.

"மாப்ளே, மெதுவாடா! பம்பர் கையோட வந்துடும்!"

"நீங்க ஸ்டியரிங்க நேரா புடிங்க மச்சான்!"

யாரிடம் எதைச் சொல்ல வேண்டுமென்று தெரியாமல் நான் நடுவில் விழித்தேன். என்னை யாரும் கேட்கவே இல்லை. கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.

கார் மேலே வந்ததும், அந்த அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டே இருவரும் குனிந்து சிதறிய நெல்லை அள்ளினார்கள். பதறி ஓடி வந்த அத்தை, அவர்களைப் பார்த்து அப்படியே நின்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சேறு தெறித்துவிட்டது போலிருக்கிறது என்று நான் தண்ணீர் கொண்டுவர ஓடினேன்.